டயர் மேல குத்தமில்லீங்க

அந்தப் படத்தை இன்னொருக்கா காட்டுங்க தம்பி. ஆமா, அந்த டயருதான், முள்ளு முள்ளா, பன்னி முதுகாட்டம். தப்பா நெனைச்சுக்காதீங்க, பஸ்ஸுல பக்கத்துல இருக்கறவங்க போனை எட்டிப் பாக்கற பழக்கம் எனக்குக் கெடையாது. டயருன்னதும் கண்ணு தானாப் போயிருச்சு. சத்தியமங்கலத்துல ஏறுனதுல இருந்து நீங்களும் மாத்தி மாத்தி டயரையே பாத்துக்கிட்டு வர்றீங்க.

பிக்கப்புக்குங்களா? தாளவாடியில இஞ்சி போட்டிருக்கீங்க, தண்ணி டேங்க் டிரெய்லரைப் பின்னால மாட்டி இழுக்கோணும். சரிதான். எந்த அளவு டயர் போடறதுன்னு கொழப்பம். தம்பி, நீங்க சரியான ஆள் பக்கத்துலதான் வந்து உக்காந்திருக்கீங்க. திம்பம் மலை ஏறி முடிக்க முக்கா மணி நேரம் ஆகுமில்ல, அதுக்குள்ள சொல்லிப்போடறேன்.

எம் பேரு சென்னியப்பனுங்க. கோபியில வந்து அங்காளம்மன் ஜெனரேட்டர் சர்வீஸ்னு கேட்டீங்கன்னா யாரு வேணா கை காட்டுவாங்க. கண்ணாலம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் நோம்பி, எதுன்னாலும் நம்ம ஜெனரேட்டர்தான். சக்கரம் வச்ச டிரெய்லர் மேல ஏத்தி வச்சது. ரெண்டேகால் டன்னு. அதைப் பிக்கப்புல மாட்டி இழுத்துக்கிட்டுப் போறதுதான் தொழில். இருவது வருசமாச்சு. இருவது வருசத்துல ஒரு கண்ணாலத்துல லைட்டு நின்னதில்ல.

டிரைவரு மாதேவன். தாளவாடிக்காரன்தான், உங்களுக்குத் தெரிஞ்சிருந்தாலும் இருக்கும். ஒல்லியா, நெடுநெடுன்னு. வீட்டுல கன்னடம், எங்கிட்டத் தமிழு. பேச்சு ரொம்பக் கம்மி. காலையில வண்டியெடுக்கறதுக்கு முன்னால நாலு டயரையும் உள்ளங்கையில தட்டிப் பாப்பான், எருமையைத் தட்டற மாதிரி. பதினாலு வருசம் எங்கிட்ட இருந்தான். சொந்தத் தம்பியாட்டம்தான் வச்சிருந்தேன். அவனைப் பாக்கத்தான் இப்பப் போறேன். அவன் எனக்குப் பண்ணுனது சரியான்னு கடைசியில நீங்களே சொல்லுங்க.

போன வருசம் மாசியில டயர் நாலும் தேஞ்சு வழவழன்னு ஆயிருச்சு. மாத்தோணும். அந்த நேரம் பாத்து உடுமலையில எங்க சகலை புது வீடு கட்டிக் குடி போனாரு. சகலைன்னா, எங்க ஊட்டுக்காரி தங்கச்சி புருசன். தென்னந்தோப்பு, அரிசி மில்லு, நல்ல வசதி. ஒரு ஜீப்பு வாங்கி அதுல முப்பத்தோரு இன்ச் டயர் போட்டு வாசல்ல நிறுத்தியிருந்தாரு. பாத்தீங்கன்னா, டயர் என் இடுப்பு ஒசரம். வந்த ஒறம்பரை சொந்தபந்தமெல்லாம் வீட்டைப் பாக்கல, டயருகிட்ட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. எங்க ஊட்டுக்காரி வளர்மதியே போயி நின்னா.

எனக்குப் பொறாமையெல்லாம் வராதுங்க. அந்தப் பழக்கமே நமக்கில்ல. நம்ம பிக்கப்பை அந்த ஜீப்புக்குப் பக்கத்துல நிறுத்தியிருந்தேன். ஒரு பெரியவர் வந்து, "ஏனுங்க, இது சமையக்காரரு வண்டிங்களா? எடுக்கச் சொல்லுங்க, வழியில நிக்குது"ன்னாரு. அவ்வளவுதான். அவர் வயசானவரு, கண்ணு தெரியாது. அதையெல்லாம் மனசுல வச்சுக்கிற ஆள் நானில்ல. ஆனா ஊருக்குத் திரும்பறப்பவே முடிவு பண்ணிப்போட்டேன், டயர் மாத்துனா முப்பத்தொண்ணுதான்னு. ஏன்னா தொழிலு அப்படி. ரெண்டேகால் டன்னை இழுக்கற வண்டிக்கு டயர் பெருசா இருக்கோணுமா, சின்னதா இருக்கோணுமா? நீங்களே சொல்லுங்க. யானைக்குக் காலு பெருசா, ஆட்டுக்குப் பெருசா?

வழக்கமா டயர் வாங்கறது சத்தி ரோட்டுல ரஹமத்நிஷான்னு ஒரு அம்மா கடையில. புருசன் வெளிநாட்டுல இருக்கறாரு, கடையை அந்தம்மாதான் பாக்குது. நல்ல பொம்பளைதான். ஆனா ஒண்ணு, வாங்க வந்தவன்கிட்ட வேண்டாம்னு சொல்ற ஒரே கடைக்காரி அதுதான்.

"முப்பத்தோரு இன்ச் வேணும்மா"ன்னேன்.

அது என்னையப் பாக்கல, மாதேவனைப் பாத்துது. "டிரெய்லர் இழுக்கற வண்டிக்குங்களா?"ன்னு கேட்டுது. அவன் தலைய ஆட்டுனான்.

"அண்ணா, வேண்டாமுங்க. இது ஜீப்புக்காரங்க சேத்துல, மண்ணுல விளையாடறதுக்குப் போடறது. பக்கவாட்டுல மெத்துன்னு இருக்கும். பின்னால ரெண்டு டன்னு ஆடுச்சுன்னா டயரும் சேந்து ஆடும்."

"பெருசா இருந்தா இழுவை எச்சா, அதிகமா இருக்குமில்லம்மா?"

"அதாங்கண்ணா எல்லாரும் நெனைக்கறாங்க. டயரா இழுக்குது? எஞ்சின்தான இழுக்குது. சக்கரம் பெருசானா அதை ஒரு சுத்துச் சுத்த எஞ்சின் எச்சா மூச்சுப் பிடிக்கோணும். சமமான ரோட்டுல தெரியாது. மேடு வந்துச்சுன்னா கிளட்ச் வெந்துரும். பிரேக்கும் கம்பெனிக்காரன் சின்ன டயருக்கு அளந்து வச்சதுதான், இவ்வளவு பெரிய சக்கரத்தை அது புடிச்சு நிறுத்தாது." இப்படிச் சொல்லிப்போட்டு ஒரு டயரை உருட்டிக்கிட்டு வந்து, பக்கத்துல எழுதியிருந்த நம்பரு மேல சாக்பீஸ்ல வட்டம் போட்டுக் காட்டுது. "அளவு கம்பெனி போட்டதே இருக்கட்டும். பிளை, அதான் உள்ள இருக்கற அடுக்கு, எச்சா இருக்கறதா பாத்துக் குடுக்கறேன். ஒரு டயரு எத்தன கிலோ தாங்கும்னு இந்த நம்பரு சொல்லும். இதைப் பாத்துத்தான் வாங்கோணும். காத்தும் சுமைக்குத் தகுந்த மாதிரி அடிச்சுக்கோணும்."

சாக்பீஸு, வட்டம், நம்பரு. பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார்கிட்ட நின்ன மாதிரி ஆயிருச்சு எனக்கு. மாதேவன் வேற குனிஞ்சு அந்த நம்பரைப் படிச்சுக்கிட்டு நிக்கறான். "அக்கா சொல்றது சரிங்கண்ணா"ங்கறான். ஏனுங்க, சம்பளம் குடுக்கறது நானு, அக்கா சொல்றது சரியாம்.

மரியாதையா எந்திரிச்சு வந்துட்டேன். அடுத்த நாளு கோயமுத்தூர் போனேன். அங்க ஒரு கடை, கண்ணாடி போட்டு, ஏசி போட்டு, உள்ள போனதும் காப்பி குடுத்தாங்க. முப்பத்தொண்ணுன்னேன். "சூப்பர் சாய்ஸ் சார்"ன்னான் அந்தப் பையன். ஒரு கேள்வி கேக்கல. அதுதானுங்க யாவாரம். டயரு உள்ள அடங்கலைன்னு சக்கரத்துக்கு மேல இருக்கற தகட்டைக் கொஞ்சம் வெட்டியெடுத்தாங்க. பழைய டயர் ஒசரத்தைவிட மூணேகால் இன்ச் எச்சு. வண்டி எந்திரிச்சு நின்னுச்சு பாருங்க, கல்யாண மாப்பிள்ளையாட்டம்!

மாதேவன் சுத்தி வந்து பாத்தான். ஒவ்வொரு டயரையும் தட்டுனான். "எப்படி?"ன்னேன். "நல்லாருக்குதுங்கண்ணா. டிரெய்லர் மாட்டாம ஓட்டறதுக்கு நல்லாருக்கும்"னான். அவன் குசும்புக்கு அளவே இல்லீங்க.

பண்ணாரி வந்திருச்சு. இறங்கிக் கும்பிட்டுட்டு வர்றீங்களா? அஞ்சு நிமிசம் நிப்பான். வேண்டாமா? சரி, நானும் இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன். அம்மா தாயே.

எங்க விட்டேன்? ஆமா, டயர் போட்டாச்சு. போட்டதுல இருந்து ஒரு அதிசயம் நடந்துச்சுங்க. கோபியில இருந்து ஈரோடு முப்பத்தாறு கிலோமீட்டர். இருவது வருசமா அதேதான். புது டயர் போட்டப்பறம் பாக்கறேன், மீட்டர்ல முப்பத்திரண்டுதான் காட்டுது. ரோட்டை நேராக்கிட்டாங்க போலிருக்குதுன்னு நெனைச்சேன். ஆனா டீசல் மட்டும் குறையல, எச்சாக் குடிக்குது. தூரம் கம்மி, டீசல் எச்சு. அப்பன்னா என்ன அர்த்தம்? எனக்குச் சந்தேகம் வந்திருச்சுங்க.

பங்க்குல நாலு பேர் இருந்தாங்க. நான் சத்தம் போட்டெல்லாம் பேசல. "மாதேவா, இனிமேல் டீசல் நான் இருக்கறப்பத்தான் ஊத்தோணும். சாவியும் எங்கிட்டயே இருக்கட்டும்"னு சொன்னேன், அவ்வளவுதான். அவனுக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. "டயர் பெருசுங்கண்ணா. ஒரு சுத்துக்கு வண்டி எச்சாத் தூரம் போகுது, மீட்டருக்கு அது தெரியல. குறைச்சுக் காட்டுது"ன்னான். பாருங்க, எதைச் சொன்னாலும் டயர் மேல பழி போடறான். "டயர் மேல குத்தமில்லடா"ன்னேன். பங்க்குக்காரங்க சிரிச்சாங்க. அவன் பாக்கெட்டுல இருந்து சாவியை எடுத்து என் கையில வச்சான். அதுல அவன் பொண்ணு குடுத்த ஒரு மணி கோத்திருந்தான், அதைக் கழட்டிக்கிட்டு மிச்சத்தைக் குடுத்தான்.

அடுத்த நாளு ஆறு மணிக்கெல்லாம் வழக்கம்போல வந்து நின்னான். ரோசக்காரனா இருந்தா வருவானா? அப்ப தப்பு இருக்குதுன்னுதான அர்த்தம்? வளர்மதி கூடச் சொன்னா, "ரோசமிருந்தாலும் பொண்ணு கண்ணாலம் இருக்குதில்லீங்க, எங்க போவாரு"ன்னு. பொம்பளைங்களுக்கு எப்பவும் எரக்கம் எச்சு.

ஆமாங்க, அவன் பொண்ணு மங்களாவுக்கு ஆவணியில கண்ணாலம் முடிவாயிருந்துச்சு. தாளவாடியிலேயே மண்டபம். நான் சொல்லிப்போட்டேன், "மங்களா கண்ணாலத்துக்கு நம்ம ஜெனரேட்டர்தான். ஒரு பைசா வேண்டாம், என் சீரு." அவன் என்ன சொல்றான் தெரியுங்களா? "பந்தல்காரரே சின்ன ஜெனரேட்டர் ஒண்ணு கொண்டாறாருங்கண்ணா, சின்ன மண்டபம், அது போதும்." பதினாலு வருசம் எங்கிட்ட இருந்துட்டு, அவன் வீட்டு விசேசத்துல இன்னொருத்தன் ஜெனரேட்டர் ஓடுனா ஊருல என்ன பேசுவாங்க? எனக்கில்ல மானக்கேடு. விடலையே நானு. கூட்டிக்கிட்டுப் போயே தீருவேன்னுட்டேன்.

அதுக்கப்பறம் ஒரு நாளு சுத்தி வளைச்சு வர்றான். "சரிங்கண்ணா. மலைக்குப் போறதுக்கு மட்டும் ரெண்டு நாளைக்குப் பழைய அளவு டயரை மாட்டிக்கலாமுங்களா? ரஹமத்தக்காகிட்டக் கேட்டு வச்சிருக்கறேன், சும்மாவே தர்றேன்னாங்க." எனக்குத் தெரியாம கேட்டு வச்சிருக்கறான்! எனக்குக் கோவம் வந்திருச்சு. ஊரெல்லாம் பெரிய டயரோட போயிட்டு, உன் பொண்ணு கண்ணாலத்துக்கு மட்டும் சின்ன டயரோட வரோணுமா, உன் சம்பந்தி வீட்டுக்காரங்க என்னைய என்னன்னு நெனைப்பாங்கன்னு கேட்டேன். அவன் வண்டியைத் தொடைக்கப் போயிட்டான்.

கண்ணாலத்துக்கு மொத நாளு காலையில கெளம்பினோம். நான்தான் ஓட்டுனேன். "விசேச வீட்டுக்காரன் நீ, ராசா மாதிரி பக்கத்துல உக்காந்து வா"ன்னுட்டேன். பண்ணாரியில கும்பிட்டுட்டு வந்து கேட்டான், "அண்ணா, இங்கிருந்து நான் ஓட்டட்டுங்களா?"ன்னு. ஒருக்கா இல்ல, செக்போஸ்டுல ஒருக்கா, மொத வளைவுல ஒருக்கா, மூணு தடவ கேட்டான். எனக்கு என்ன ஓட்டத் தெரியாதா? அவன் பொறக்கறதுக்கு முன்னால டிராக்டர் ஓட்டுனவன் நானு.

மலையில இருவத்தேழு வளைவு. அஞ்சாறு வளைவு வரைக்கும் ஜோராப் போச்சு. எதுத்தாப்புல வர்றவங்கெல்லாம் டயரைப் பாக்கறாங்க, எனக்குத் தெரியுது. பத்துக்கு மேல வண்டி திணற ஆரம்பிச்சுது. மொதக் கியர்லயே போறேன், அதுக்கும் முக்குது. ஒவ்வொரு வளைவுலயும் கிளட்சைப் பாதி மிதிச்சு மிதிச்சுத்தான் ஏத்த வேண்டியிருந்துச்சு. ஒரு வாடை வந்துச்சு, ரப்பரு கருகுன மாதிரி. "கிளட்ச் வேகுதுங்கண்ணா, ஓரங்கட்டுங்க, ஆறட்டும்"னான். ஓரம் எங்கீங்க இருக்குது? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அடுத்த வளைவுல நிறுத்தறேன்னு போனேன்.

இதா, இந்த வளைவுதானுங்க. போர்டு இருக்குது பாருங்க, பத்தொம்பது.

கம்பியைச் சும்மாதான் புடிச்சிருக்கறேன். பஸ்ஸு ஆடுதில்ல. நீங்க வேண்ணா அந்தப் பக்கம் பாருங்க, நல்லாத் தெரியும். எனக்கு வெயிலு, கண்ணு கூசுது. மூடிக்கிட்டே சொல்றேன்.

வளைவுல பாதி திரும்பியிருக்கும். எஞ்சின் இரையுது, வண்டி நகரல. கிளட்ச் போயிருச்சு. பிரேக்கை மிதிச்சேன். நின்னுச்சு. நின்ன மாதிரி இருந்துச்சு. அப்பறம் மெல்லப் பின்னால போகுது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அப்பவும் போகுது. ரெண்டேகால் டன்னு புடிச்சு இழுக்குதில்ல. டிரெய்லரு கோணிக்கிட்டுப் பள்ளத்துப் பக்கம் திரும்புது. கண்ணாடியில பாக்கறேன், பின்னால ஒட்டுனாப்புல ஒரு வேனு. பண்ணாரி போயிட்டுத் திரும்பற குடும்பம், பதினேழு பேரு, குஞ்சும் குளுவானுமா. நான் ஆரன் அடிச்சேன். வேற என்னத்தப் பண்றது? விடாம அடிச்சேன்.

மாதேவன் எப்பக் குதிச்சான்னே தெரியல. டிரெய்லருக்குத் தடுப்புக் கட்டை ரெண்டு வச்சிருப்போம். ஒண்ணை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால போட்டிருக்கறான், அது வழுக்கி ஓடிருச்சு. ரெண்டாவதை விடாம கையிலேயே புடிச்சு அழுத்தியிருக்கறான், சக்கரம் அது மேல ஏறி அமுக்கற வரைக்கும். கட்டையோட கையும் சேந்து அடியில மாட்டிக்கிச்சு. எடது கை.

டிரெய்லர் மூலை வேன் கண்ணாடியில இடிச்சு, அதோட நின்னுச்சு. அந்த டிரைவருக்கு நெத்தியில நாலு தையலு. மத்தபடி ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. எனக்கும் ஒண்ணுமாகல, பண்ணாரித்தாய் புண்ணியம். வேனுல இருந்து எறங்குன ஆம்பளைங்க கல்லு வச்சு, ஜாக்கி வச்சு டிரெய்லரைத் தூக்கித்தான் அவன் கையை எடுத்தாங்க. கத்தலைங்க அவன். எம் மூஞ்சியைப் பாத்து, "எஞ்சினை ஆஃப் பண்ணுங்கண்ணா"ன்னான். நான் அப்பவும் ஆரனை அமுக்கிக்கிட்டேதான் இருந்திருக்கறேன் போல. யாரோ என் கையை எடுத்து விட்டாங்க.

சத்தியில ஆஸ்பத்திரி. ரெண்டு வெரலு போயிருச்சு. இன்னொண்ணு மடங்காதுன்னாங்க.

கண்ணாலம் நிக்கலீங்க. அதைச் சொல்லோணுமில்ல. அவனே சொல்லிட்டான், ஒரு மணி நேரம் கூடத் தள்ளக்கூடாதுன்னு. விடியக்காலம் டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்துட்டு, கையில பெருசாக் கட்டோட வந்து மணவறையில நின்னான். தாரை வாத்துக் குடுக்கறப்ப எடது கையைத் தூக்கவே முடியல, அவன் தம்பி தாங்கிப் புடிச்சுக்கிட்டான். லைட்டு? பந்தல்காரரு சின்ன ஜெனரேட்டரு. ஏதோ எரிஞ்சுது. நம்மளுது மாதிரி வருமா?

நானும் போனேன். போகாம இருக்க முடியுமா? சுவத்துக் கடியாரம் வாங்கிக்கிட்டுப் போயிருந்தேன். மங்களா வந்து கால்ல உளுந்துச்சு. எந்திரிச்சதும் மெதுவா, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, "அப்பாதான் ஓட்டறேன்னு கேட்டாராமில்லீங்க பெரியப்பா. ஏன் குடுக்கல?"ன்னு கேட்டுது.

நான் என்னங்க சொல்றது? பாட்டுச் சத்தம், கூட்டம். "கண்ணு பட்டிருச்சு சாமி, புது டயருல்ல"ன்னேன். அந்தப் பொண்ணு கடியாரத்தை வாங்கிக்கிட்டுப் போயிருச்சு. எனக்குச் சாப்பாடு எறங்கல. சாம்பாருல உப்பு எச்சு.

கண் திருஷ்டிதானுங்க, வேறென்ன? இல்ல, நீங்களே யோசிங்க, டயர் வெடிச்சுதா? இல்ல. கழண்டுச்சா? இல்ல. கிளட்ச்தான் போச்சு. கிளட்ச் கம்பெனிக்காரன் தப்பு. அப்பறம் அந்த ரோடு. ஆனாலும் ஊட்டுல நிம்மதி இல்லாம, வளர்மதி மூணு நாளு எங்கூடப் பேசாம இருந்து, கடைசியில அந்த ரஹமத்நிஷா கடைக்கே போயி பழைய அளவுலயே போட்டுட்டேன், பிளை எச்சா இருக்கறது. அந்தம்மா மாதேவன் கை எப்படியிருக்குதுன்னு மட்டும் கேட்டுது. அதைப் போட்டதுல இருந்து வண்டி நல்லாத்தான் இழுக்குது, பழைய அளவுல ஏதோ ஒரு ராசி. இன்னொண்ணு பாருங்க, இப்ப ஈரோடு மறுபடியும் முப்பத்தாறு கிலோமீட்டர் ஆயிருச்சு. ரோட்டுல ஏதோ வேலை நடக்குது போல, சுத்தி உடறாங்க.

ஆனா உங்களுக்கு நான் சொல்றது, பெருசாவே போடுங்க. எனக்கு ராசியில்ல, அவ்வளவுதான். உங்களுக்கு இருக்கும். அந்தம்மா மாதிரி ஆளுங்ககிட்டக் கேட்டா நம்பரைக் காட்டிப் பயமுறுத்திருவாங்க.

சரி, விசயத்துக்கு வர்றேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியில போலீஸ்காரர் வந்து வண்டிக்கு டிரைவரு யாருன்னு கேட்டாரு. "மாதேவனுங்க"ன்னேன். அதுல பொய் என்ன இருக்குது? பதினாலு வருசமா எங்க டிரைவரு அவன்தான? அவர் எழுதிக்கிட்டாரு. யாரு ஓட்டுனதுன்னு அவர் கேக்கவே இல்லீங்களே. நான் சொல்லியிருப்பேன். ஆனா எனக்கு லைசென்ஸ் முடிஞ்சு மூணு வருசமாச்சு. டிரைவரு இருக்கறப்ப நமக்கெதுக்குன்னு புதுப்பிக்கல. இப்ப வேன்காரன் கேஸ் போட்டிருக்கறான். லைசென்ஸ் இல்லாம ஓட்டுனேன்னு வந்துச்சுன்னா இன்சூரன்ஸும் கை விரிச்சுரும், நானும் கோர்ட்டு வாசல்ல நிக்கோணும். ஐம்பத்தாறு வயசுல, ஊருல நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளு.

மாதேவன் வந்து, "ஆமா, நான்தான் ஓட்டுனேன்"னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. ரெண்டு மாசமாப் போன் பண்றேன், எடுக்க மாட்டேங்கறான். ஒருக்கா அவன் ஊட்டுக்காரி எடுத்து, "தோட்டத்துல இருக்காரு"ன்னு வச்சிருச்சு. வேலைக்கும் வரல. ரெண்டு டிரைவரு போட்டுப் பாத்தேன், ஒருத்தனும் பத்து நாளு நிக்கல. பதினாலு வருசம் சோறு போட்ட ஆளுக்கு இது துரோகமில்லீங்களா? நான் என்ன அவன் சொத்தையா கேக்கறேன்? அவனுக்கு என்ன நட்டம் வந்திரும்? மிஞ்சிப் போனா லைசென்ஸ் போகும். ரெண்டு வெரலு இல்லாதவன், கியர் போடற கைல, இனி லைசென்ஸை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறான்?

நானே வண்டியில வந்திருப்பேன். முட்டி வலிங்க, அதனாலதான் பஸ்ஸு. மலையைப் பாத்து எனக்கென்ன பயம்?

இந்தா பாருங்க, வக்கீலு டைப் அடிச்சே குடுத்துட்டாரு. 'மேற்படி வாகனத்தைச் சம்பவ நேரத்தில் நானே ஓட்டிச் சென்றேன்.' ரெண்டே வரி. கீழ அவன் கையெழுத்து. அடிபட்டது எடது கைதான, எழுதற கை நல்லாத்தான் இருக்குது. நேர்ல போயி நின்னா மாட்டேங்க மாட்டான், அவன் சுபாவம் எனக்குத் தெரியும். மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்லவே தெரியாது அவனுக்கு.

அதுக்குக் கீழ இன்னொரு கோடு இருக்குது பாருங்க. சாட்சி. படிச்ச ஆளா, சொந்தக்காரனா இல்லாம, வெளியாளா இருந்தா நல்லதுன்னாரு வக்கீலு. நானும் சத்தியில இருந்து அதையேதான் யோசிச்சுக்கிட்டு வர்றேன். இப்ப நீங்களோ, எல்லாத்தையும் ஆதியோட அந்தமாக் கேட்டுக்கிட்டீங்க. உங்களைவிட இந்த விசயம் தெரிஞ்ச ஆளு யாரு இருக்கறாங்க? அஞ்சு நிமிச வேலைதான், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலதான் அவன் வீடு.

என்னங்க தம்பி, எந்திரிச்சுட்டீங்க? இது ஆசனூருங்க. நீங்க தாளவாடிக்கில்ல டிக்கெட் எடுத்தீங்க? தம்பி, அட, இருங்க, பேனா எங்கிட்டயே இருக்குதுங்க.